அடிக்குறிப்பில் எஸ்தர்

உன் புத்தகத்தின் அச்சுப்படி நேற்று மத்தியானம் என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. "அம்மா, மொதல் பக்கத்தைப் பாருங்க" என்று கீழே எழுதியிருந்தாய். பார்த்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைக் 'கண்ணு' என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். நீ பிறந்த நாளிலிருந்து உன்னை வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. இன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. வராததை இழுத்துப் பிடித்து எழுத எனக்கு இஷ்டமும் இல்லை.

இதை உனக்கு மட்டும் அனுப்பினால் போதாதா என்று உங்கப்பா கேட்டார். உனக்கு மட்டும் எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. போனில் சொன்னால் "சரிங்கம்மா, புரியுதுங்கம்மா" என்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்துக்கு அனுப்புகிறேன். பயப்படாதே. உன் பெயர் இதில் இல்லை, உன் கல்லூரியின் பெயர் இல்லை, நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் பெயரும் இல்லை. யார் பெயரை எங்கே போடக்கூடாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டது என் உடம்பில் அல்ல, இன்னொருத்தி உடம்பில். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

போன மாதம் நீ வகுப்பெடுக்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தாய். உனக்குப் பின்னால் இருந்த பலகையில், ஆய்வுக் கட்டுரையில் சான்று காட்டுவது எப்படி என்று பாடம் எழுதியிருந்தது. எழுதியவர் பெயர், ஆண்டு, நூலின் பெயர், பக்க எண், எங்கே காற்புள்ளி, எங்கே முற்றுப்புள்ளி. முன்வரிசைப் பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். உங்கப்பா அந்தப் படத்தைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நான் யாருக்கும் காட்டவில்லை. ஊருக்கு உபதேசம் பண்ணுகிற பிள்ளையைப் பெற்றிருக்கிறேனே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

படிக்கிறவர்களுக்கு எஸ்தரைத் தெரியாது, அதனால் சொல்கிறேன். உனக்கும் மறந்திருக்கலாம். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து புருஷனோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள். புருஷன் பாதியில் போய்ச் சேர்ந்துவிட்டார். திருப்பூரை ஒட்டிய பூண்டியில் நாம் குடியிருந்த லைன் வீட்டில் நம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. கம்பெனியில் தையல் மெஷின் வரிசையை லைன் என்பார்கள்; நான் லைன் சூப்பர்வைசர், என் லைனில் அவள் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். சரக்கு அனுப்புகிற ஷிப்மெண்ட் நேரத்தில் நான் வர நேரமானால் நீ அவள் வீட்டில்தான் சாப்பிட்டாய். கருவாட்டுக் குழம்புக்கு ஆசைப்பட்டு, நான் நேரத்தோடு வந்துவிட்ட நாளிலும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாய். சித்தி, சித்தி என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாய். நானும் அதில் பொறாமைப்பட்டதில்லை. கூடப் பிறந்தவள் எனக்கு இல்லை, அவள் இருந்தாள்.

அவளை உன் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தவள் நான்தான். பனியன் கம்பெனிப் பெண்களைப் பற்றி நீ ஆராய்ச்சி செய்ய வந்த சமயம். வெளியே பேசியவர்கள் யாரும் உன்னிடம் மனசு விட்டுச் சொல்லவில்லை. கம்பெனியைப் பற்றிக் கேட்டாலே "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ முகம் வாடி வந்தாய். பெற்றவள் மனசு கேட்குமா? எஸ்தரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். நம் சமையலறையில், நான் தோசை ஊற்ற ஊற்ற, நீ கேட்டாய், அவள் சொன்னாள்.

"படிப்புக்குத்தானல ராசா? ஒனக்கு இல்லாததா, கேளு" என்றுதான் ஆரம்பித்தாள். உன் கைப்பேசி மேடை மேல் கிடந்தது. பதிவாகிறது என்று நீ சொன்னாய், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். "ஆகட்டும்ல, நான் என்ன பாட்டா படிக்கப் போறேன்" என்று அவள் சிரித்தாள். என்ன சொன்னாள் என்பது உன் புத்தகத்திலேயே இருக்கிறது. ஷிப்மெண்ட் நெருங்கினால் எப்படி நடக்கும் என்று சொன்னாள். "சாயங்காலமே ரேகைப் பெட்டில வெரல வச்சிட்டு மறுபடி வந்து மெசின்ல உக்காந்துருவோம். கம்பியூட்டருல வீட்டுக்குப் போயாச்சு, ஆளு உள்ளதான் கெடக்கோம்." பக்கத்து மெஷின் பெண் மயங்கி விழுந்ததையும், ஆஸ்பத்திரியில் வீட்டில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னதையும் சொன்னாள். நான் அப்போது அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அந்த லைனுக்கு நான் சூப்பர்வைசர். அதை நீயும் கவனித்தாய், எழுதவில்லை. என்னைக் காப்பாற்றத் தெரிந்திருந்தது உனக்கு.

இந்த ஊரில் ஆடிட் என்று ஒன்று உண்டு. நம் துணியை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், இங்கே தொழிலாளர்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். அதற்கு முன்பே எச்.ஆர். ஆபீசில் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பாத்ரூமில் அன்றைக்குச் சோப்பு இருக்கும். எல்லோர் மூக்கிலும் மாஸ்க் இருக்கும். வந்த ஆடிட்டர் அம்மா கேன்டீனில் ஒரு அறையைக் கேட்டு வாங்கி, டெய்லர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு முதல் வார்த்தையாக என்ன சொல்லுவார் தெரியுமா? "உங்க பேரு எனக்கு வேண்டாம், எழுத மாட்டேன்." கூலிக்கு வந்த மூன்றாம் மனுஷி அது. அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மாவிடம்கூட எஸ்தர் உண்மையைச் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொன்னாள்.

நீ பட்டம் வாங்கிய பிறகு ஒரு நாள் ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினாய். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. நீ விரல் வைத்து விளக்கினாய். "ஒருத்தங்க சொன்னதை எடுத்தா, அவங்க பேரைப் போடணும்ங்கம்மா. போடலைன்னா அது திருட்டு." பக்கத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் இருந்ததை அடிக்குறிப்பு என்றாய். ஒன்றில் எஸ்தர் பெயர் இருந்தது. வயது, ஓவர்லாக் டெய்லர் என்ற வேலை, ஊர், பேசிய தேதி, எல்லாம் சுத்தம். எனக்குப் பூரிப்பாக இருந்தது. பெரிய பெரிய புரொபசர்கள் பெயருக்குப் பக்கத்தில் நம் எஸ்தர் பெயர் அச்சில் இருக்கிறதே என்று. நன்றியுரையில் என் பெயரும், அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர் என்பதும், அவளும் என் லைன் என்பதும் இருந்தன. என் பெயரும் அவள் பெயரும் சேர்ந்தால் கம்பெனிக்குப் பெயர் தேவையே இல்லை. அது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் ஆடி மாதம் எச்.ஆர். ஆபீசில் என்னைக் கூப்பிட்டார்கள். உன் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை இன்டர்நெட்டில் போட்டிருக்கிறது. துணி வாங்குகிறவர்களின் ஆபீசில் யாரோ அதைப் படித்துவிட்டுக் கம்பெனிக்கு மெயில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த எச்.ஆர். பையன் உன் வயதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்கக்கா. டீ சாப்புடறீங்களா? ஏனுங்கக்கா, உங்க பையன் ரொம்ப நல்லா எழுதியிருக்காருங்க. யாரு சொன்னது, என்னிக்குச் சொன்னது, எல்லாமே கரெக்டாப் போட்டிருக்காருங்க. எங்களுக்குத் தேடற வேலையே இல்லாமப் பண்ணிட்டாருங்க." நம் ஊர் மரியாதை இருக்கிறதே, அதைப் போலச் சுடுகிற பொருள் உலகத்தில் கிடையாது. என்னை ஒன்றும் செய்யவில்லை. பழைய ஆள், லைன் என் கையில் ஓடுகிறது. எஸ்தரிடம் மட்டும் "ஆர்டர் கம்மியா இருக்குதுங்க, நாளைக்கிருந்து வர வேண்டாமுங்க" என்றார்கள்.

அவள் வேறு கம்பெனிகளுக்குப் போனாள். ஓவர்லாக்குக்கு ஆள் கிடைக்காமல் பீகாரிலிருந்து பஸ் வைத்துக் கூட்டிவருகிற ஊர் இது. அவளுக்கு மட்டும் வேலை இல்லை. ஆதார் அட்டையைக் கொடுத்து உட்கார்ந்தால், உள்ளே போய்ப் பெயரைப் பார்த்துவிட்டு வந்து "சொல்லி அனுப்பறோமுங்க" என்பார்கள். கடைசியில் லைன் வீட்டைக் காலி பண்ணிவிட்டு சோமனூரில் ஒரு தறிக் கொட்டகையில் நூல் சுற்றுகிற வேலைக்குப் போய்விட்டாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகளை நடு வருஷத்தில் பள்ளிக்கூடம் மாற்றினாள். நான் தீபாவளி போனஸ் கைக்கு வரும் வரைக்கும் அதே கம்பெனியில் இருந்துவிட்டு அப்புறம்தான் நின்றேன். அவள் மெஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதையும் மறைக்க மாட்டேன்.

எச்.ஆர். ஆபீசில் கூப்பிட்ட அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ முதலில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நான் ரூல்படிதானுங்கம்மா செஞ்சேன்." அப்புறம் அழுதாய். அழுததை நான் நம்புகிறேன். ஆனால் அந்த அழுகைக்கு நடுவில் நீ சொன்ன இன்னொன்றுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. நீ பேசிய மற்ற பெண்கள் எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கியிருக்கிறாய். எல்லோருக்கும் பெயரை மாற்றியிருக்கிறாய். எஸ்தருக்கு மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "சித்திதானேம்மா. அவங்ககிட்டப் போயி கையெழுத்துக் கேட்டா, நம்மளை வேத்தாளா நெனைச்சுட்டானேன்னு வருத்தப்படுவாங்கன்னு விட்டுட்டேன். அவங்க பேரு நெசப் பேராவே இருக்கட்டும்னு ஆசைப்பட்டேன்." பாசத்தில் செய்தாய். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் காபந்து பண்ணிவிட்டு, சோறு போட்டவளைப் பாசத்தால் தெருவில் நிறுத்தினாய். இந்த ஊரில் எல்லோரும் செய்கிற தப்புதான் அது. நம்மவர்களிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். கேட்காமல் எடுத்துக்கொள்வதை உரிமை என்கிறோம்.

அதற்கும் மேலே ஒன்று. உன் ஆய்வேட்டில் வெளிநாட்டுப் புரொபசர் ஒருவர் போட்ட படம் ஒன்று இருக்கிறது, கோடும் கட்டமுமாக. அதை எடுத்துப் போட அவருக்கு நீ கடிதம் எழுதிக் கேட்டாய். பதில் வரவில்லை என்று மறுபடி எழுதினாய். அவர் சரி என்று சொன்ன அன்றைக்கு வீட்டுக்குப் போன் பண்ணிச் சந்தோஷப்பட்டாய். நானும் சாமிக்குக் கற்பூரம் காட்டினேன். கடல் தாண்டி இருக்கிறவரின் நாலு கட்டத்துக்கு அனுமதி கேட்க உனக்குப் பொறுமை இருந்தது. சுவர் தாண்டி இருந்தவளிடம் "சித்தி, உங்க பேரைப் போடலாமா?" என்று கேட்க வாய் வரவில்லை. பாசம் என்று இதற்கும் பெயர் வைப்பாயா?

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் கை வீங்கி வந்தாய். வாத்தியாருடைய சைக்கிள் காற்றைப் பிடுங்கியது யார் என்று உனக்குத் தெரியும், கூடப் படிக்கிற ஒருவன் சொல்லியிருந்தான். வாத்தியார் உன்னிடம் "உனக்கு யாருடா சொன்னது?" என்று கேட்டார். நீ சொல்லவில்லை, அடி வாங்கிக்கொண்டாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா அவனைப் போட்டு மொத்துவாங்கம்மா" என்றாய். எஸ்தர்தான் உன் கைக்கு எண்ணெய் தடவிவிட்டாள். அந்த வயதில் உனக்கு இருந்த புத்தி எந்தப் பல்கலைக்கழகத்தில் தொலைந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார், யார் சொன்னது என்று. அந்தத் தடவை அடி விழுவது உனக்கல்ல, அதனால் சொல்லிவிட்டாய். இது கொஞ்சம் அதிகப்படியான பேச்சு என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இப்போது புத்தகம். ஆய்வேட்டைத் தமிழில் எழுதி அச்சுக்குக் கொடுத்திருக்கிறாய். போனில் ரொம்ப ஆறுதலாகச் சொன்னாய்: "இதுல சித்தி பேரை எடுத்துட்டேனுங்கம்மா. 'ஒரு பெண் டெய்லர்'னு மட்டும்தான் வருது." உங்கப்பாவும், "பாத்தியா, புள்ள திருந்திட்டான். தெரியாமப் பண்ணிப்போட்டான், இனியாச்சும் உடு" என்றார். அச்சுப்படியைப் படித்தேன். அவள் சொன்னதெல்லாம் ஒரு வரி விடாமல் இருக்கிறது. விரல் வைத்துவிட்டு வந்து உட்காருவோம் என்று அவள் சொன்னதைத்தான் அத்தியாயத் தலைப்பாகவே வைத்திருக்கிறாய். பெயர் இருந்தால் அடி விழுகிற இடத்தில் பெயர் இருந்தது. பெயர் இருந்தால் நாலு பேர் மதிக்கிற இடத்தில் பெயர் இல்லை. இதைத்தான் திருத்தம் என்கிறாயா?

நான் சும்மா இருக்கவில்லை. உன் போன் வந்த அந்த வாரமே சோமனூருக்குப் பஸ் ஏறினேன். தறிச் சத்தத்தில் அவள் காதில் விழவே கத்த வேண்டியிருந்தது, வெளியே வந்துதான் பேசினோம். தலை முழுக்கப் பஞ்சு. என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். டீக்கடைக்குக் கூட்டிப்போய் வடை வாங்கிக் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நீ பெயரை எடுத்துவிட்டதைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"இப்ப எதுக்குக்கா எடுக்கான்? அன்னைக்கு ஒரு வார்த்த கேட்டிருந்தாமின்னா, பேரப் போடாதல, சொன்னத மட்டும் போடுன்னு சொல்லியிருப்பேன். கேக்கல, போட்டுட்டான். வேலயும் போச்சு. இனி எவன் என்னய என்ன செய்யப் போறான்? என் பேராலதான என் வேல போச்சு? அப்ப அந்தப் பேரு அதுலதான் கெடக்கணும். அதயும் கேக்காமத்தான் எடுத்திருக்கான் பாரு." வடையைப் பிய்த்துக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாள். அப்புறம், "நல்லா இருக்கானாக்கா? சாப்பிடுதானா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டீக்கடை என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

இந்தக் கடிதத்தில் அவள் பெயரை நான் எழுதியிருப்பது அவள் போடச் சொன்னதால். இன்று காலை அவளுக்கு இதை முழுதும் போனில் வாசித்துக் காட்டினேன். ஊர் பெயர் போடலாமா என்று கேட்டேன், போடு என்றாள். மகளைப் பற்றி நான் எழுதியிருந்ததில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். அது என்ன என்று உனக்குத் தெரியாது, என்னிடம் கேட்கவும் கேட்காதே. இவ்வளவுதான் வேலை. பட்டம் வாங்காத எனக்கு ஒரு காலை நேரம் போதுமாக இருந்தது என்று குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கும் இது காலம் கடந்த பிறகுதான் தெரிந்தது.

இதைப் படித்ததும் நீ அவசரமாக அவள் பெயரைத் திரும்பப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். அதைச் செய்யாதே. அவள் சொன்னதை நான்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொல்வதை எடுத்து எழுதக்கூடாது, சொன்னவரிடமே போய்ப் பார்க்க வேண்டும் என்று உன் பிள்ளைகளுக்கு நீ நடத்துகிறாய் அல்லவா? நடத்துகிறபடி நட. சென்னையிலிருந்து ரயில் ஏறு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் வீட்டில்தான் இருப்பாள். அவள் முன்னால் உட்கார்ந்து கேள். பெயரைப் போடு என்றால், எப்படிப் போட வேண்டும் என்பதையும் கேட்டுப் போடு. வேண்டாம் என்றால் விடு. 'நான் சொன்னதையே எடுத்துவிடு' என்று அவள் சொன்னால், அந்த அத்தியாயத்தை முழுசாக எடுத்துவிடு. புத்தகம் மெலிந்து போகும் என்றால் போகட்டும். அவள் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டாள், கருவாட்டுக் குழம்பு வைப்பாள். அதைத் தின்று முடிப்பதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும்.

இனி அந்த முதல் பக்கம். 'என் அம்மாவுக்கு' என்று போட்டு, அதற்குக் கீழே என் பெயரை முழுதாக, தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. போடுவதற்கு முன் நீ என்னைக் கேட்கவில்லை. அம்மாதானே என்று விட்டிருப்பாய். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.